பதினோராம் பட்டை

திருட்டுப் பழி விழுந்து எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் அழுவார்கள், அப்புறம்தான் உட்காருவார்கள். அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்த பெண் அழவுமில்லை, உட்காரவுமில்லை. தோள்பையிலிருந்து நான்கு குச்சிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் நூல் சுற்றிய உருண்டை.

"இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள நான் திருடலைன்னு நிரூபிக்கணும். இல்லேன்னா இந்தக் குச்சிங்களை அடுப்புல வைக்க வேண்டியதுதான்" என்றார்.

"குச்சியா? நான் பஞ்சு மிட்டாய்னு நினைச்சேன்" என்றேன்.

"வாலு, வாயை மூடிக்கிட்டு அவங்களுக்கு நாற்காலியை இழுத்துப் போடு" என்றார் சித்தி.

வாலு நான்தான். வயது முப்பத்து நான்கு, முன்வழுக்கை, வேறு எங்கும் வேலை கிடைக்காததால் உறவு முறையில் கிடைத்த உதவியாளர் பதவி. சித்தி என் அம்மாவின் தங்கை. இருபது வருடம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேச்சை இணைத்துவிட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அடுத்தவர் விஷயத்தில் காது கொடுக்கும் பழக்கத்தை மட்டும் விட முடியாமல் சலவைக்கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் திறந்துவிட்டார். வெளியார் முன்னால் அவரை நான் 'மேடம்' என்று கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. இதுவரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறேன்.

வந்தவர் இசைக்குழு ஒன்றில் வைப்ரஃபோன் வாசிப்பவர். அந்தக் குழுவில் யாரையும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமே இல்லையாம். 'செல்லோ வந்தாச்சா?', 'டிரம்பெட்டுக்குக் காய்ச்சல்' என்று வாத்தியத்தை வைத்துத்தான் பேச்சு. இவர் வைப்ஸ்.

"அந்த வாத்தியம் எப்படி இருக்கும்?" என்றார் சித்தி.

"பியானோ கட்டை மாதிரி ரெண்டு வரிசையா உலோகப் பட்டை அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய். பட்டையைத் தட்டினா சத்தம் குழாய்க்குள்ள போய்ப் பெருசாகி வரும். குழாய் வாயில ஒரு சின்னத் தட்டு, மோட்டாரைப் போட்டா சுத்தும். அது மூடி மூடித் திறக்கிறப்போ சத்தம் அலையலையா வரும். கீழே பெடல். மிதிச்சா சத்தம் நீளும், காலை எடுத்தா நின்னுடும்."

"சித்தி, அந்தப் பெடல் ஒண்ணு நம்ம ஆபீசுக்கும் வேணும்."

"உனக்குப் பொருத்தத்தான். எதைத் திருடினதா சொல்றாங்கம்மா?"

"கோலய்யாவோட கடிகாரத்தை."

கோலய்யா என்பவர் குழுவுக்கு முன்னால் நின்று கோலை ஆட்டி அறுபது பேரை நடத்துகிறவர். நேரில் 'ஐயா', முதுகு திரும்பினால் கோலய்யா. அவரிடம் சங்கிலி கோத்த சின்னஞ்சிறிய தங்கக் கடிகாரம் ஒன்று உண்டு. ஒத்திகையின்போது எதிரில் நிற்கும் ஸ்டாண்டில் அதைத் தொங்கவிடுவார். திங்கட்கிழமை பகல் இடைவேளையில் எல்லோரும் காப்பி குடிக்கப் போனார்கள், வைப்ஸ் மட்டும் மேடையில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். நடுவில் ஐந்து நிமிடம் முகம் கழுவப் போனார். இடைவேளை முடிந்தபோது ஸ்டாண்டில் கடிகாரம் இல்லை.

"அன்னிக்கு எனக்கும் ஒண்ணு தொலைஞ்சுது மேடம். என் பதினோராம் பட்டை."

"அதையும் யாராவது தூக்கிட்டாங்களா?" என்றேன்.

"பட்டை அங்கேயேதான் இருக்கு. சத்தம்தான் செத்துப் போச்சு. இடைவேளைக்கு முன்னாடி நல்லா இருந்தது, அப்புறம் தட்டினா தகரத்தைத் தட்டுற மாதிரி டொக்குங்குது. சனிக்கிழமை நிகழ்ச்சியில எனக்கு மூணு நிமிஷம் தனியா வாசிப்பு இருக்கு. அது முடியறதே அந்தப் பட்டையிலதான். ரிப்பேர்காரரைக் கூப்பிடுங்கன்னு கெஞ்சினேன். ஐயா அறுபது பேர் எதிர்ல சொன்னார்: 'கருவியில குறையில்ல, கையிலதான் குறை. களவாடின கை அப்படித்தான் தடுமாறும்.'" அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "பதினாலு வருஷமா வாசிக்கிற கை மேடம் இது."

பையிலிருந்து கோலய்யாவின் கடிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, கடிகாரத் திருட்டு. இரண்டு, வாசிப்பில் உயிரில்லை. புதன்கிழமையிலிருந்து மேடையேறத் தடை. இன்று பன்னிரண்டு மணிக்கு இசைக்குழுச் சங்கத்தின் தலைவி விசாரித்து முடிவு சொல்வார். சனிக்கிழமை தனி வாசிப்பு கோலய்யாவின் மாப்பிள்ளைக்கு.

"மாப்பிள்ளைக்கா!" நான் துள்ளி எழுந்தேன். "சித்தி, கேஸ் முடிஞ்சுது."

"உட்காரு. கடிகாரம் ஒரு இடைவேளையில காணாமப் போகுது, அதே இடைவேளையில பட்டை சாகுது. நாம கடிகாரத்தைத் தேட வேண்டாம். பட்டை ஏன் செத்ததுன்னு மட்டும் பார்ப்போம்."

சித்தி செருப்பை மாட்டிக்கொண்டார். அதற்கு மேல் பேச்சில்லை.

பத்தேகாலுக்குக் கோலய்யாவின் அறையில் இருந்தோம். சுவரில் பன்னிரண்டு புகைப்படங்கள், பன்னிரண்டிலும் கோலய்யா. ஒன்றில் மட்டும் இசைக்குழு மங்கலாகத் தெரிந்தது, அதுவும் அவருடைய முழங்கைக்குக் கீழே. நேரில் அவர் படத்தைவிடக் கொஞ்சம் குள்ளம். நின்றபடி பேசினார், நாங்களும் நிற்க வேண்டியிருந்தது.

"அந்தப் பொண்ணு உங்களை அனுப்பினாளாக்கும். எனக்கு அவமேல கோபமே இல்லைங்க, பரிதாபம்தான்."

"உங்க பரிதாபம் எழுத்துல வந்ததைப் படிச்சோம்" என்றேன். சித்தியின் முழங்கை என் விலாவில் இறங்கியது.

"கடிகாரத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றார் சித்தி.

கோலய்யாவின் முகம் உடனே இழவு வீட்டு முகமாக மாறியது. "அது கடிகாரம் இல்லைங்க, என் உயிர். இருபத்தெட்டு வருஷமா தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு என் கையாலதான் சாவி கொடுப்பேன். நூத்தி மூணு டிகிரி காய்ச்சல்லயும் கொடுத்தேன். பொண்ணு கல்யாணத்துல மணமேடைப் பக்கத்துல நின்னுக்கிட்டும் கொடுத்தேன். ஒரு நாள் விட்டாலும் அது நின்னுடும். அது நின்னா என் தாளம் நிக்கும், என் தாளம் நின்னா இந்தக் குழுவே நின்னுடும். மூணு நாளாச்சு. எந்த மூலையில நின்னுபோய்க் கிடக்கோ..."

கண்ணைத் துடைத்தார். துடைத்த கை உலர்ந்தே இருந்ததாக எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்குத் தோன்றுவதையெல்லாம் சித்தி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

"வைப்ரஃபோன்ல ஒரு பட்டை கேட்கலையாமே?"

"வாத்தியம் அருமையா இருக்கு. இந்த மேடையில எனக்குத் தெரியாத வாத்தியம் ஒண்ணுகூட கிடையாது. எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்."

"திங்கட்கிழமை இடைவேளையில நீங்க எங்க இருந்தீங்க?"

"இதே அறையில. வீட்டுக்காரம்மாகூட போன்ல. அரை மணி நேரமும் அவங்கதான் பேசினாங்க, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அவங்களையே கேட்டுப் பாருங்க."

கேட்டோம். அந்த அம்மாள் அரை மணி நேரம் பேசியதை உறுதிசெய்ய எங்களிடம் பதினைந்து நிமிடம் பேசினார். நடுவில் நான் போனை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், பேச்சு விட்ட இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சித்தி என்னை ஒரு மாதிரி பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

மேடைக்குப் பின்னால் ரிப்பேர்காரரின் பட்டறை. பசை நாற்றம், திருகாணி டப்பாக்கள், தோல் கிழிந்த டிரம் இரண்டு. சுவரோரம் ஒரு பழைய வைப்ரஃபோனின் குழாய் வரிசை, வெயிலில் காய வைத்ததுபோல் சாய்ந்து கிடந்தது. ரிப்பேர்காரர் நிமிராமலே பேசுகிற ஆள்.

"பட்டை செத்தா என்ன காரணம் இருக்கும்?" என்றார் சித்தி.

"பட்டையைத் தாங்குற கயிறு நைஞ்சிருக்கலாம். பட்டையில விரிசல் இருக்கலாம். இல்லேன்னா குழாய்ல ஏதாவது விழுந்திருக்கணும். உள்ள வெறும் காத்து இருந்தாத்தான் சத்தம் வரும். ஒரு துணியை அடைச்சாப் போதும், அதோட உயிர் போச்சு."

"இந்தக் குழாய்க்கு மேல பட்டையே இல்லையே?" சித்தி ஒரு குழாயைத் தட்டினார்.

"அது சும்மா குழாய்ங்க. பின் வரிசையில அங்கங்கே பட்டை இருக்காது. குழாயும் இல்லேன்னா, எதிர்ல உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்குப் பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். அதனால அழகுக்கு நாலஞ்சு சும்மா குழாய் வச்சிடுறாங்க. மேல பட்டை கிடையாது, உள்ள வேலை கிடையாது, ஆனா முன்னாடி நின்னு பளபளன்னு மின்னும்." அவர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "எங்க சங்கத்துலயும் அப்படிக் கொஞ்சம் பேர் இருக்காங்க."

எனக்கு அந்த ஆளை மிகவும் பிடித்துப்போனது.

"சும்மா குழாய்ல எதையாவது போட்டா?"

"ஒண்ணும் ஆகாது. வாசிக்கிறவங்க பென்சிலு, திருப்புளி எல்லாத்தையும் அதுலதான் போட்டு வைப்பாங்க. வைப்ஸும் அப்படித்தான். வேலை செய்யிற குழாய்ல கை வைக்கிறவன் ஒண்ணு முட்டாளா இருக்கணும், இல்லேன்னா அந்த வாத்தியத்தைப் பக்கத்துல போய்ப் பார்க்காதவனா இருக்கணும்."

"அப்புறம் ஏன் மூணு நாளா நீங்க போய்ப் பார்க்கலை?" என்றேன்.

"பார்க்கக் கூடாதுன்னு உத்தரவு. மாப்பிள்ளை வந்து சொல்லிட்டுப் போனார்."

போதாதா! நான் வாசலைத் தாண்டி மேடைக்கு ஓடினேன். சித்தி பின்னால் ரிப்பேர்காரரிடம் வேறு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது, என்னவென்று நின்று கேட்கும் பொறுமை எனக்கில்லை.

மேடையில் மாப்பிள்ளை வைப்ரஃபோன்முன் நின்றிருந்தார். கைக்கு இரண்டாக நான்கு குச்சிகள். சாப்பிடத் தெரியாதவன் கையில் இரண்டு முள்கரண்டி கொடுத்ததுபோல் பிடித்திருந்தார். நான் போய் நின்றதும் ஒரு குச்சி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தார், இன்னொன்று விழுந்தது.

"எல்லாம் தெரிஞ்சு போச்சு. எங்க வச்சிருக்கீங்க?" என்றேன், முடிந்தவரை கனமான குரலில்.

"எதை?"

"ரிப்பேர்காரரைத் தடுத்தது நீங்கதானே? தனி வாசிப்பு கிடைச்சதும் நீங்கதானே?"

மாப்பிள்ளை என்னையே பார்த்தார். பிறகு மிச்சமிருந்த இரண்டு குச்சிகளையும் பட்டைகள்மேல் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சார், நான் டிரம் வாசிக்கிறவன். ரெண்டு குச்சியே எனக்குத் தகராறு. சனிக்கிழமை ஆயிரம் பேர் எதிர்ல மானம் போகப் போகுது, நானா போய் இதைக் கேட்டு வாங்குவேன்? அத்தைக்குத் தன் மருமகன் முன்னாடி நிக்கணும், சொந்தக்காரங்க பார்க்கணும். மாமா ரிப்பேர்காரர்கிட்ட சொல்லுன்னார், சொன்னேன். நான் இருக்கிறது மாமனார் வீட்டுல. ஃபேனை ரெண்டுல வைக்கிறதா மூணுல வைக்கிறதான்னுகூட எனக்கு அங்க ஓட்டு கிடையாது."

நடிப்பா என்று கூர்ந்து பார்த்தேன். அவ்வளவு கேவலமாக யாராலும் நடிக்க முடியாது. என் கேஸ் கண்முன்னாலேயே படுத்துவிட்டது.

சித்தி மெதுவாக மேடையேறினார். அவருக்குப் பின்னால் அரங்கின் கடைசி வரிசையில் வைப்ஸ் உட்கார்ந்திருந்தார். மேடையில் கால் வைக்கத் தடை என்பதால் அதற்கு மேல் வரவில்லை.

"தம்பி, மோட்டாரைப் போட்டு பதினோராம் பட்டையைத் தட்டுங்க" என்றார் சித்தி.

மாப்பிள்ளை தட்டினார். டொக். பக்கத்துப் பட்டையைத் தட்டச் சொன்னார், அது அலையலையாக எழுந்து அரங்கின் கடைசி வரை போய்த் திரும்பியது. மறுபடியும் பதினொன்று. டொக்.

"சத்தம் போடாதீங்க." சித்தி குனிந்தார். இருபது வருடம் கரகரத்த கம்பிகளில் மனிதக் குரலைப் பிரித்தெடுத்த காது அது. "தட்டு சுத்துறப்போ எதுலயோ உரசுது. சர்... சர்... சர்... கேட்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. கேட்டதுபோல் தலையை ஆட்டினேன்.

மோட்டாரை நிறுத்தி டார்ச்சை அடித்தார். பதினோராம் பட்டைக்குப் பக்கத்தில் கயிற்றைத் தாங்கும் சின்ன ஆணியில் ஒரு கறுப்பு நூல் கட்டியிருந்தது. நூல் குழாய்க்குள் இறங்கியது. சித்தி தட்டை விரலால் நிமிர்த்தி வைத்துவிட்டு நூலை இழுத்தார். கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல் ஒரு கறுப்புத் துணி முடிச்சு மேலே வந்தது. அவிழ்த்தார். உள்ளே தங்கக் கடிகாரம்.

"அப்படிப் போடு!" என்று கத்தினேன்.

"அதேதான் நானும் சொல்றேன்!" என்று இன்னொரு குரல் கேட்டது.

மேடையின் பக்கவாட்டுக் கதவில் கோலய்யா. அவரோடு சங்கத் தலைவி. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. நிகழ்ச்சிகளில் முதல் வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்குவார் என்று பெயர். ஆனால் விழித்திருக்கும்போது அவர் எதிரில் அறுபது பேரும் கையைக் கட்டிக்கொள்வார்கள்.

"பார்த்தீங்களாம்மா! உங்களை மேடைக்குக் கூட்டிட்டு வந்து வாத்தியத்தைச் சோதிச்சுப் பார்க்கலாம்னு சொன்னேனே! அவ வாத்தியத்துக்குள்ளேயே இருக்கு. அவ கூட்டிட்டு வந்த ஆளுங்களே எடுத்துக் கொடுத்துட்டாங்க. இதுக்கு மேல என்ன விசாரணை வேண்டியிருக்கு?"

கடைசி வரிசையில் வைப்ஸ் எழுந்து நின்றார். அங்கிருந்தே அவர் முகம் வெளுத்தது தெரிந்தது. ஒரே ஒரு துப்பைத் துரத்திக்கொண்டு போய், எங்களை நம்பி வந்தவரின் கழுத்துக்கே கயிற்றைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குக் கேலி எதுவும் வாயில் வரவில்லை.

தலைவி கடிகாரத்துக்காகக் கையை நீட்டினார். சித்தி கொடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம்மா. வைப்ஸ்!" என்று கீழே பார்த்துக் கூப்பிட்டார். "உங்க பென்சிலை எங்க வைப்பீங்க?"

"பின் வரிசையில... ரெண்டாவது சும்மா குழாய்ல."

சித்தி அங்கே கையை விட்டு ஒரு பென்சிலை எடுத்துத் தலைவியிடம் காட்டினார். "எதைப் போட்டாலும் சத்தம் கெடாத குழாய் எதுன்னு இவங்களுக்குப் பதினாலு வருஷமாத் தெரியும். அப்படிப்பட்டவங்க கடிகாரத்தை எங்க போட்டிருப்பாங்க? தன் வாசிப்பு முடியற பட்டைக்குக் கீழேயா? தன் கையாலயே தன் சத்தத்தைக் கொன்னுட்டு, ரிப்பேர்காரரைக் கூப்பிடுங்க, வந்து பிரிச்சுப் பாருங்கன்னு கெஞ்சுவாங்களா?"

"பயத்துல புத்தி தடுமாறியிருக்கும்" என்றார் கோலய்யா.

"இருக்கலாம். இந்த நூலைப் பாருங்க. ஒளிச்சு வச்சிட்டு ஒரே தடவை எடுக்கப் போறவன், உள்ள போட்டுட்டுப் போயிடுவான். தினமும் எடுத்துத் தினமும் உள்ள இறக்குறவனுக்குத்தான் நூல் வேணும். இவங்க நேத்துலேருந்து மேடை ஏறலை."

"தினமும் எதுக்கு எடுக்கணும்?" என்றார் தலைவி.

"அதுதான்மா எனக்கும் புரியலை. அதனால இப்ப யாரும் பேசாம இருங்க."

சித்தி கடிகாரத்தைப் பதினோராம் பட்டையின்மேல் வைத்தார். காலியான அரங்கு. ஒரு நாற்காலிகூட முனகவில்லை. அந்த அமைதியில், உலோகத்தின்மேல் ஒரு சின்ன நகம் தட்டுவதுபோல் சத்தம் கேட்டது.

டிக். டிக். டிக். டிக்.

இந்த முறை எனக்கே கேட்டது.

தலைவி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் அதைப் பார்த்தார். "பதினொண்ணு நாப்பத்தேழு. ரெண்டுலயும்."

"இன்னிக்கு வியாழக்கிழமை" என்றார் சித்தி. "திங்கட்கிழமை களவு போன கடிகாரம். ஒரு நாள் சாவி கொடுக்கலைன்னா நின்னுடும். நான் சொல்லலை, ஐயாதான் சொன்னார், கண்ணைத் துடைச்சுக்கிட்டு. திருடினவன் அதை விப்பான், உருக்குவான், குப்பையில போடுவான். சாவி கொடுக்க மாட்டான். களவு போன கடிகாரம் நின்னுடக் கூடாதேன்னு மூணு நாளா தவிச்ச ஆள் இந்த உலகத்துலயே ஒருத்தர்தான் இருக்க முடியும்."

கோலய்யாவின் முகத்தில் ஈயாடவில்லை. "நான்... அன்னிக்கு அரை மணி நேரமும் போன்ல..."

"போனை மேசைமேல வச்சிட்டு நீங்க வெளியூரே போய்ட்டு வந்திருக்கலாம் ஐயா" என்றேன். கேலி திரும்பி வந்துவிட்டது. "நானே தண்ணி குடிச்சிட்டு வந்தேன், உங்க வீட்டம்மாவுக்குத் தெரியலை."

மேடை மூலையில் ரிப்பேர்காரர் வந்து நின்றிருந்தார். சித்தி அவரைப் பார்த்தார். "எங்கிட்ட சொன்னதை அம்மாகிட்டயும் சொல்லுங்க."

"சாயங்காலம் மேடையைப் பூட்டுறவன் நான்தான்மா. திங்கட்கிழமையிலேருந்து ஆறு மணிக்கு ஐயா வர்றார். தனியா தியானம் பண்ணணும், யாரும் உள்ள வரக் கூடாதுங்கிறார். நான் வெளியே நிப்பேன். நேத்தும் வந்தார்."

"தியானம்!" என்றார் தலைவி.

"உள்ளே கிர்ரு கிர்ருன்னு ஏதோ முறுக்குற சத்தம் கேட்டுது. ஐயா பல்லைக் கடிக்கிறார்னு நினைச்சேன்."

தலைவி கோலய்யாவின் பக்கம் திரும்பினார். வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லும் பார்வை. "இதை உங்க வீட்டுலயே ஒளிச்சு வச்சிருக்கலாமே?"

பின்னாலிருந்து மாப்பிள்ளைதான் பதில் சொன்னார்: "அத்தை அவர் பையை ரெண்டு வேளையும் சோதிப்பாங்கம்மா."

"குடும்பத்துல நிம்மதி வேணும்னா..." என்று கோலய்யா ஆரம்பித்தார். கோலில்லாத கை தானாக மேலே போனது, யாரும் வாசிக்கவில்லை என்று தெரிந்ததும் இறங்கிவிட்டது. "அவளுக்கு வேற குழுவுல வாய்ப்புக் கிடைச்சிருக்கும். இவனுக்கு எங்கயும் கிடைக்காது. சனிக்கிழமை முடிஞ்சதும் நானே ஏதாவது சொல்லிச் சரிபண்ணிருப்பேன்."

"திருடின்னு முத்திரை குத்தி அனுப்பினா எந்தக் குழுவுல சேர்ப்பாங்க?" என்றார் தலைவி.

"அதோட இன்னொண்ணு" என்றார் சித்தி. "எல்லா வாத்தியமும் தலைகீழ்ப் பாடம்னீங்க. சும்மா குழாய்ங்க எல்லாம் நீங்க நிக்கிற பக்கம்தான் இருக்கு. இருபத்தெட்டு வருஷமா எதிர்லயே நிக்கிறீங்க. ஒரு தடவைகூடக் குனிஞ்சு பார்க்கலை."

வைப்ஸ் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து மேடையேறினார். யாரையும் அனுமதி கேட்கவில்லை. மாப்பிள்ளை பாய்ந்து விலகி வழிவிட்டார், அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் வேலையை இழந்து நான் பார்த்ததில்லை. வைப்ஸ் கடிகாரத்தைத் தூசியை எடுப்பதுபோல் இரண்டு விரலால் எடுத்துத் தலைவியின் கையில் வைத்தார். மோட்டாரைப் போட்டார். பெடலை மிதித்து, பதினோராம் பட்டையை ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

அது எழுந்தது. உருண்டையாக, நடுங்கிக்கொண்டு, அரங்கு முழுவதும் நிறைந்து நின்றது.

"இப்பவும் கையிலதான் குறையா ஐயா?" என்றார்.

கோலய்யா பக்கவாட்டுக் கதவை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

"கடிகாரம் போனா நீங்க வேற வாங்கிக்கலாம். மூணு நாளா நான் ராத்திரியெல்லாம் என் கையைப் பார்த்துப் பார்த்து அழுதேன். உண்மையிலேயே கை போயிடுச்சோன்னு நானே நம்பிட்டேன். அதுக்குத்தான் உங்களை மன்னிக்க முடியலை."

தலைவி அந்தக் கடிதத்தை வாங்கி, மடித்த மடிப்பிலேயே நான்காகக் கிழித்தார். கோலய்யாவிடம் ஸ்டாண்டில் கிடந்த கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திருப்பித் தருவதாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை முதல் வரிசையில் எங்களுக்கு இரண்டு இருக்கை கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை பின்னால் தன் டிரம்முக்கு நடுவில் உட்கார்ந்து உலகத்தையே மன்னித்துவிட்டவர்போல் சிரித்துக்கொண்டிருந்தார். குழுவுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. முதல் வயலின் உட்கார்ந்தபடியே தலையை ஆட்ட, அறுபது பேரும் ஆரம்பித்தார்கள். காலி ஸ்டாண்டில் கடிகாரத்தை மட்டும் வழக்கம்போல் தொங்கவிட்டிருந்தார்கள். சங்கத்தின் மரபாம், அதை மாற்றத் தீர்மானம் போட வேண்டுமாம்.

வைப்ஸின் மூன்று நிமிடம் வந்தது. நான்கு குச்சிகளும் அந்தக் கைகளில் எட்டாகத் தெரிந்தன. பக்கத்தில் தலைவி தூங்கவில்லை. கடைசிச் சுரம் பதினோராம் பட்டையில் விழுந்தது. வைப்ஸ் பெடலிலிருந்து காலை எடுக்கவே இல்லை. அது தானாக ஓயும்வரை மிதித்துக்கொண்டே நின்றார், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவுமில்லை.

கைதட்டல் நடுவில் சித்தி என் காதருகே குனிந்து, "அந்தக் கடிகாரத்துல மணி என்ன?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். மாலை ஏழரை மணிக்கு அது இரண்டு பத்து காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையே நின்றிருக்க வேண்டும். வியாழக்கிழமையிலிருந்து அதற்கு யாரும் சாவி கொடுக்கவில்லை.

"நின்னுடுச்சு சித்தி" என்றேன்.

மேடையில் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.